அப்பப்பாவின் சுவர் மணிக்கூடு: பெட்டிக்குள் இருக்கும் பென்சில் எழுத்துகளை என்ன செய்வது?

வாய்க்காலோரம் (முத்தையன்கட்டு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் அப்பப்பா காலத்துச் சுவர் மணிக்கூடு ஒன்று இருக்கிறது. இரண்டரை அடி உயரமான மரப்பெட்டி, கண்ணாடிக் கதவு, உரோம இலக்கங்கள் எழுதிய வெள்ளை முகப்பு, முகப்பில் சாவி கொடுப்பதற்கு இரண்டு துளைகள், கீழே பித்தளைக் குண்டு தொங்கும் ஊசல். முகப்பில் பெயர் எதுவும் தெரியவில்லை. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தபோது அப்பப்பா இதைச் சாக்கில் சுற்றி லொறியில் ஏற்றி வந்ததாக அப்பா சொல்வார்.

சமாதான காலத்தின் கடைசியில் அது மணி அடிப்பதை நிறுத்திவிட்டதால், அப்பா வவுனியாவில் ஒரு மணிக்கூட்டுக் கடையில் திருத்தக் கொடுத்திருந்தார். பிறகு பாதை நெருக்கடியாகி, நாங்கள் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பும் வரை அதை எடுக்கப் போக முடியவில்லை. போய்க் கேட்டபோது கடைக்காரர் துண்டைக்கூடக் கேட்காமல் சுவரில் மாட்டியிருந்ததை இறக்கிக் கொடுத்தாராம். வீட்டில் இருந்த மற்ற எல்லாம் போய்விட்டன. திருத்தக் கொடுத்தது மட்டும் மிஞ்சியது.

அப்பா இருந்தவரை அது ஓடியது. அவருக்குப் பிறகு யாரும் சாவி கொடுக்கவில்லை. இப்போது சாவி கொடுத்து ஊசலை ஆட்டிவிட்டால் சில நிமிடங்கள் ஓடி நின்றுவிடுகிறது. 3 மணிக்கு 7 அடிக்கிறது. பெட்டியின் உட்பக்கப் பலகையில் பென்சிலால் சிறிய வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டுள்ளன: திகதி, அதன் பக்கத்தில் ஓரிரு எழுத்து, ஓரிடத்தில் "சு.", இன்னோரிடத்தில் "வி. மா.". இயந்திரத்தின் பித்தளைத் தகட்டிலும் ஊசியால் கீறியது போன்ற அடையாளங்கள் தெரிகின்றன. பெட்டியின் பின்பலகையைக் கீழ்மூலையில் கறையான் அரித்திருப்பதால் ஆசாரியாரிடம் காட்டினேன். உள்ளும் புறமும் தேய்த்து வார்னிஷ் அடித்தால் புதிதுபோல் ஆகிவிடும் என்கிறார். மச்சான் பற்றறி இயந்திரம் பூட்டச் சொல்கிறார். பழைய சாமான் வாங்க வரும் ஒருவர் விலையும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். இது எந்த நாட்டு மணிக்கூடு, எந்தக் காலத்தது, அந்த எழுத்துகள் என்ன, எதை முதலில் செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓமந்தை வாசி

தம்பி, முதலில் எண்ணெய்ப் போத்தலை எடுக்காதீர்கள். சில நிமிடம் ஓடி நிற்கும் மணிக்கூடுகளில் பாதிக்குமேல் பழுதானவை அல்ல, சரியாக மாட்டப்படாதவை. ஊசலை மெதுவாக ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஓசையைக் கேளுங்கள். "டிக்" ஒலிக்கும் "டக்" ஒலிக்கும் இடைப்பட்ட நேரம் இருபக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குறுகி நொண்டி நடைபோல் கேட்டால், ஊசலுக்குக் கிடைக்கும் உந்துதல் ஒருபக்கம் வீணாகிறது என்று பொருள். பெட்டியின் மேற்பகுதி ஆணியில் இருக்க, அடிப்பகுதியை மட்டும் இடமாகவோ வலமாகவோ சிறிது சிறிதாக நகர்த்தினால் ஓரிடத்தில் ஓசை சமப்படும். அந்த இடத்தில் சுவரில் சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பார்வைக்குப் பெட்டி சற்றுச் சரிந்திருந்தால் பரவாயில்லை. நீர்மட்டம் வைத்து நேராக்கியவர்கள்தான் மணிக்கூட்டை நிறுத்துகிறார்கள். ஆணி அசையாத சுவரும் வேண்டும். ஊசல் ஆடும்போது பெட்டியும் சேர்ந்து ஆடினால் எந்த நாட்டு மணிக்கூடும் நிற்கும்.

இரண்டு துளைகளில் வலப்பக்கத்துத் துளை நேரம் ஓடுவதற்கும் இடப்பக்கத்துத் துளை மணி அடிப்பதற்கும் உரியவை என்பதே பொதுவான அமைப்பு. 3 மணிக்கு 7 அடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் எளிதானது. பழைய மணிக்கூடுகள் பலவற்றில், விளிம்பில் வரவர அகலும் இடைவெளிகளில் வெட்டுகள் உள்ள ஒரு சில்லு மணியை எண்ணுகிறது. முள் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. 1, 2, 3 என்று தன் வரிசைப்படி அடித்துக்கொண்டு போகும். யாராவது முள்ளைப் பின்னோக்கித் திருப்பினாலோ, மணிப் பக்கத்துக்குச் சாவி கொடுக்காமல் விட்டாலோ இரண்டும் பிரிந்துவிடும். அந்தச் சில்லின்மேல் படுத்திருக்கும் நெம்பை விரலால் தூக்கிவிட்டால் அடுத்த எண்ணை அடிக்கும். முள் காட்டும் மணி வரும்வரை அப்படியே செய்யுங்கள். இன்னொரு வகையில், மணி முள்ளின் அச்சிலேயே நத்தை வடிவத் தகடு ஒன்று பூட்டப்பட்டிருக்கும். அதைப் பார்த்தே எண்ணுவதால் வரிசை பிரியாது. அந்த வகையில் தவறாக அடித்தால் சிறிய முள் இடம் மாறி நிற்கிறது என்றே கொள்ள வேண்டும். எந்த வகையானாலும் பெரிய முள்ளைப் பின்னோக்கித் திருப்பக் கூடாது.

எங்கே செய்யப்பட்டது என்பதைப் பெட்டியோ முகப்போ உறுதியாகச் சொல்லாது. இயந்திரத்தின் பின்தகடுதான் சொல்லும். அதைக் கழற்ற வேண்டியதில்லை. கதவைத் திறந்து, சவரக் கண்ணாடி ஒன்றை இயந்திரத்துக்கும் பின்பலகைக்கும் இடையே சரித்துப் பிடித்து, தொலைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். எட்டு முனை நட்சத்திரமும் அதற்குள் ஜே எழுத்தும் இருந்தால் அது ஜேர்மனியின் ஷ்ராம்பெர்க் நகரத்தில் 1861 இல் தொடங்கிய யுங்ஹான்ஸ் தொழிற்சாலையின் வேலை. அவர்களுடைய பல இயந்திரங்களில் ஏ அல்லது பி எழுத்தும் இரண்டு இலக்கங்களும் அடிக்கப்பட்டிருக்கும்: ஏ என்றால் ஆண்டின் முதற்பாதி, பி என்றால் பிற்பாதி, இலக்கங்கள் ஆண்டு. குறுக்காகக் கிடக்கும் இரு அம்புகள் என்றால் அதே நகரத்தில் இயங்கிய ஹம்பேர்க் அமெரிக்கன் நிறுவனம். அது 1930 அளவில் யுங்ஹான்ஸோடு சேர்ந்துவிட்டது. ஜி, பி என்ற எழுத்துகளும் நங்கூரமும் இருந்தால் குஸ்தாவ் பெக்கர். அதன் ஊர் அன்று ஜேர்மனியின் சைலீசியாவில் இருந்தது, இன்று போலந்தில் இருக்கிறது. இவை தவிர அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தொடங்கிய அன்சோனியாவும் சேத் தோமஸும், டோக்கியோவில் 1892 இல் சுவர் மணிக்கூடுகளோடு ஆரம்பித்த செய்கோஷாவும் ஆசிய நாடுகளுக்கு நிறைய வந்தவை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பழைய அமெரிக்க, ஜப்பானிய இயந்திரங்களில் சுருள்வில் பெரும்பாலும் உறையில்லாமல் வெளியே தெரியும். ஜேர்மனிய இயந்திரங்களில் பெரும்பாலும் பித்தளை உருளைக்குள் அடைந்திருக்கும். எதுவானாலும், முறுக்கியிருக்கும் வில்லை முறைப்படி தளர்த்தாமல் தகட்டின் திருகாணியைக் கழற்றுபவருக்கு விரல் கிழியும். இயந்திரத்தைத் திறக்கும் வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள்.

பழைய பட்டறை (புதுக்குடியிருப்பு)

ஓமந்தை அண்ணா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் அந்தப் பின்தகட்டு முத்திரை மணிக்கூடு எங்கே பிறந்தது என்பதைத்தான் சொல்லும். அது எங்கே வாழ்ந்தது என்பதைச் சொல்வது நீங்கள் தேய்த்து அழிக்கப் பார்க்கும் பென்சில் எழுத்துகள். எங்கள் அப்பா புதுக்குடியிருப்பில் மணிக்கூடு திருத்தியவர் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

திருத்துபவர் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை மூடுவதற்கு முன் திகதியையும் தன் பெயரின் முதலெழுத்தையும் செய்த வேலையையும் பெட்டிக்குள்ளோ தகட்டிலோ குறித்துவிடுவார். அப்பாவின் பழக்கத்தில் "சு." என்றால் கழற்றிச் சுத்தம் செய்தது, "வி. மா." என்றால் வில் மாற்றியது. ஆறு மாதத்தில் வந்து "நீங்கள் மாற்றிய வில் உடைந்துவிட்டது" என்று சண்டை பிடிக்கும் வாடிக்கையாளருக்கு அது பதில். அடுத்ததாகத் திறக்கப்போகும் வேறொரு திருத்துநருக்கு அது செய்தி. முகம் தெரியாத ஒருவரின் எழுத்தைப் பெட்டிக்குள் பார்த்தவுடன், "இவர் பொறுமைசாலி, அச்சுகள் சுழலும் துளைகள் தேய்ந்ததை ஒழுங்காக அடைத்திருக்கிறார்" என்றோ, "இவர் அவசரக்காரர்" என்றோ அப்பா சொல்லிவிடுவார். அவசரக்காரர்களின் அடையாளம் எழுத்தில் இல்லை, தேய்ந்த துளையைச் சுற்றி உளியால் குத்திப் பித்தளையை நெருக்கிய புள்ளிகளில் இருக்கும். அந்த வேலை சில மாதங்கள்தான் தாங்கும்.

உங்கள் வரிகளில் 1970களின் திகதிகள் அதிகமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபடியால் வெளிநாட்டு மணிக்கூடு வாங்குவது எளிதாக இருக்கவில்லை. அதே கட்டுப்பாட்டால் வன்னியில் மிளகாயும் வெங்காயமும் செய்தவர்களின் கையில் காசு இருந்தது. இருப்பதைத் திருத்துவதே வழி என்று ஆனதால் திருத்துநர்களுக்கு அது நல்ல காலம். 1977 க்குப் பிறகு சந்தை திறந்தது. பற்றறி மணிக்கூடு மெல்ல மெல்ல வந்து அந்தத் தொழிலைத் தின்னத் தொடங்கியது.

ஆனால் வன்னியில் அந்தக் கதை பாதியில் திரும்பியது. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது பற்றறி தடைப்பட்ட பொருள்களில் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. சுவரில் இருந்த பற்றறி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நிற்க, கொட்டிலிலும் பரணிலும் கிடந்த சாவி கொடுக்கும் மணிக்கூடுகளைச் சனங்கள் தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள். கிழமைக்கு ஒருமுறை கை முறுக்கினால் ஓடும் ஒன்றுக்கு எந்தச் சோதனைச் சாவடியின் அனுமதியும் தேவைப்படவில்லை.

திருத்துவதற்கான சாமான்தான் இருக்கவில்லை. மணிக்கூட்டைக் கழுவுவதற்கு மண்ணெண்ணெய் வேண்டும். அதுவும் கட்டுப்பாட்டுப் பொருள், விலையும் கைக்கெட்டாதது. அப்பா ஒரு மணிக்கூடு கழுவிய எண்ணெயைப் போத்தலில் ஊற்றி, அழுக்கு அடியில் படியும்வரை அலுமாரிக்கு மேல் வைத்து, தெளிந்த மேற்பாகத்தை வடித்து அடுத்ததைக் கழுவுவார். அடிமண்டி விளக்குக்குப் போகும். ஊசலைத் தாங்கும் மெல்லிய உருக்கு நாடா அறுந்தால், பழைய கைமணிக்கூட்டின் வில்லை நீட்டி, அளவாக வெட்டி, இரு முனையிலும் பித்தளைத் துண்டு பிடித்துப் பொருத்துவார். பெரிய சுருள்வில் முனையில் உடைந்தால், அந்த முனையை மட்டும் விளக்குச் சுடரில் ஊதுகுழலால் ஊதிச் சிவக்கவைத்து மெதுவாக ஆறவிடுவார். உருக்கு இளகியதும் புதிய துளை குத்தி வளைத்துக் கொளுவுவார். வில் ஓரிரு அங்குலம் குறையும், எட்டு நாள் ஓடியது ஏழு நாள் ஓடும், அவ்வளவுதான். உங்கள் "வி. மா." அந்தக் காலத்துத் திகதியோடு இருந்தால், அந்த வில் எங்கிருந்து வந்தது என்பதே தனிக் கதையாக இருக்கும்.

நேரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1996 மே மாதத்தில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கி, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. ஆகவே பத்து ஆண்டுகளாக வவுனியாவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் அரை மணி வித்தியாசம். வவுனியாவில் மணி அடிக்கும் மணிக்கூடு வைத்திருந்தவர்கள் நேரம் பின்வாங்கிய இரு முறையும் முள்ளைத் திருப்ப முடியாமல், ஊசலைப் பிடித்து நிறுத்தி, அரை மணித்தியாலம் பார்த்திருந்து மீண்டும் ஆட்டிவிட வேண்டியிருந்தது. திருப்பியவர்கள் மறுநாள் கடைக்கு வந்தார்கள்.

ஆகவே ஆசாரியாரிடம் வெளிப்புறத்தை மட்டும் கொடுங்கள். உட்பலகையில் வார்னிஷும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். பழைய பெட்டிகளின் மேலுள்ள மெல்லிய மரத்தகடு தோல்பசையால், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையால், ஒட்டப்பட்டது. அது சூட்டுக்கும் ஈரத்துக்கும் விட்டுக்கொடுக்கும் என்பதால் திரும்பக் கழற்றி ஒட்டலாம். இன்றைய இரசாயனப் பசையைப் பூசினால் அந்த வசதி போய்விடும்.

கிளிநொச்சியான்

எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறீர்கள். நான் மச்சானின் பக்கம். கிழமைக்கிழமை சாவி கொடுக்க இன்று எந்த வீட்டில் ஆள் இருக்கிறது? பிள்ளைகள் கனடாவில், பெற்றோர் தனியே, நாற்காலியில் ஏறிச் சாவி கொடுத்து விழுந்தால் யார் பார்ப்பது? திருத்துபவர்களும் இன்று பெரும்பாலும் பற்றறி மாற்றி, பட்டி மாற்றித்தான் பிழைக்கிறார்கள். அரை மணிக்கு ஒன்று என்பதையும் சேர்த்தால் அந்த இயந்திரம் நாளுக்கு 180 தடவை அடிக்கும். நித்திரை இல்லாதவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பற்றறி பூட்டினால் நேரமாவது சரியாகக் காட்டும். விற்பதும் குற்றமில்லை, சுவரில் நின்றுபோய்க் கிடப்பதைவிடத் தெரிந்தவர் கையில் ஓடுவது மேல்.

பழைய பட்டறை (புதுக்குடியிருப்பு)

அம்மா அப்பாவை நாற்காலியில் ஏற்ற வேண்டாம் என்பது நியாயம். கை எட்டும் உயரத்தில் மாட்டினால் முடிந்தது. மணி வேண்டாம் என்றால் இடப்பக்கத்துக்குச் சாவி கொடுக்காமல் விடலாம், பெரும்பாலான மணிக்கூடுகளில் நேரம் அதுபாட்டுக்கு ஓடும். பற்றறிதான் பூட்டுவேன் என்பவர் ஒரு காரியத்தை மட்டும் செய்யாதிருந்தால் போதும்: முகப்பில் புதுத் துளை போடுவதும் பழைய இயந்திரத்தை இரும்புக் கடைக்குக் கொடுப்பதும் வேண்டாம். இயந்திரத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியிலேயே வைத்துவிடுங்கள். விற்பதைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, ஆனால் அது அவரவர் வீட்டு முடிவு. விலை கேட்டவர் பெட்டியைப் பார்த்துக் கேட்டாரா, இயந்திரத்தைப் பார்த்துக் கேட்டாரா என்பதை மட்டும் கவனியுங்கள். பெட்டி ஒன்று, இயந்திரம் ஒன்று என்று சேர்த்து விற்கும் வியாபாரமும் நடக்கிறது.

வாய்க்காலோரம் (முத்தையன்கட்டு)

அனைவருக்கும் நன்றி. கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிறது. அதன் கீழே பி 26. அப்பப்பா பிறந்தது அதற்குப் பிறகு என்பதால் அவர் இதைப் பழையதாகத்தான் வாங்கியிருக்க வேண்டும். பென்சில் வரிகளில் மிகப் பழையது 1958. எழுத்துகள் குறைந்தது நான்கு கைகளுடையவை. "வி. மா." என்பதன் பக்கத்தில் 1993 இருக்கிறது.

மணி அடிக்கும் பக்கத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைத் தூரிகையால் மெதுவாகத் தட்டி எடுத்தேன். நெம்பைத் தூக்கி மணியைச் சரிசெய்துவிட்டேன். பெட்டியின் அடியை இடப்பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தியதும் ஓசை சமப்பட்டு இரவு முழுவதும் ஓடியது. ஆனால் மூன்றாம் நாள் நின்றுவிட்டது. திரும்ப ஆட்டினால் ஓடுகிறது, திரும்ப நிற்கிறது. ஓடும்போது நாளுக்கு ஏழெட்டு நிமிடம் பிந்துகிறது. ஆசாரியார் உட்புறத்தைத் தொடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அடிப்பலகை முதிரை என்றும் அது பிறகு யாரோ மாற்றியது என்றும் அவர்தான் காட்டினார். தேங்காய் எண்ணெய் ஒரு துளி விடச் சொல்லி அயலவர் சொல்கிறார், விடலாமா?

ஓமந்தை வாசி

தேங்காய் எண்ணெய் வேண்டாம். சில மாதங்களில் தடித்துப் பிசினாகி, தூசியையும் சேர்த்துப் பிடித்து, அச்சையும் துளையையும் அரைக்கும். கடைகளில் விற்கும் துரு நீக்கும் தெளிப்பானும் வேண்டாம். அது பழைய அழுக்கைக் கரைத்து உள்ளே ஓடவிட்டுத் தான் காய்ந்துபோகும்.

இரவு முழுவதும் ஓடிப் பிறகு நிற்பது வேறு நோய். சாவி புதிதாகக் கொடுத்திருக்கும்போது வில்லின் பலத்தால் ஓடி, பலம் சற்றுக் குறைந்ததும் உராய்வை வெல்ல முடியாமல் நிற்கிறது. ஒன்றில் எண்ணெய் இறுகியிருக்கிறது, அல்லது அச்சுகள் சுழலும் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்து பற்சில்லுகள் சரியாகப் பொருந்தாமல் போயிருக்கின்றன. 1926 இன் இயந்திரம் என்பதால் இரண்டும் இருக்கும். முழுவதும் கழற்றிக் கழுவி, தேய்ந்த துளைகளை அகலப்படுத்திப் புதுப் பித்தளை வளையம் அடித்துப் பொருத்த வேண்டும். திருத்துநரிடம் "சேர்விஸ் செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னால் எண்ணெய் விட்டுத் தருவார்கள். துளைகளுக்கு வளையம் போடுவீர்களா, உளியால் குத்துவீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேள்வி புரிந்தவரிடம் கொடுங்கள். வவுனியாவில் முன்பு திருத்திய அதே கடையில் யாராவது இன்னும் இருந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

பிந்துவதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம்; திருத்திய பிறகு பார்க்கலாம். ஊசற்குண்டின் கீழுள்ள சுரையைத் திருகிக் குண்டை உயர்த்தினால் விரையும், தாழ்த்தினால் பிந்தும். ஊசல் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமானால், 1 மில்லிமீற்றர் உயர்த்துவது நாளுக்கு 3 நிமிட அளவில் மாற்றம் தரும். ஆகவே அரைச் சுற்று, ஒரு நாள் பொறுமை, பிறகு அடுத்த அரைச் சுற்று என்று போங்கள்.

கொண்டுபோகும்போது ஊசலைக் கொக்கியில் இருந்து கழற்றித் தனியாகத் துணியில் சுற்றுங்கள். அது தொங்கியபடி பேருந்தில் போனால் அந்த மெல்லிய உருக்கு நாடா மாங்குளம் தாண்டுவதற்குள் முறிந்துவிடும். சாவியையும் மறக்காமல் கொண்டுபோங்கள். எல்லாச் சாவியும் எல்லா அச்சுக்கும் பொருந்தாது.